பரமேஸ் அக்காவின் மேசையும் என்னுடைய ஸ்கிரிப்டும்

1

போன செவ்வாய்க்கிழமை மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். அவளுக்குப் பதினாலு வயது. இங்கே நோர்வேயில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு 'கொன்பிர்மசூன்' என்று ஒரு சடங்கு இருக்கிறது. தேவாலயத்தில் சில மாதம் வகுப்புக்குப் போய், கடைசி நாளில் வெள்ளை அங்கி போட்டு ஆசீர்வாதம் வாங்கி, பிறகு வீட்டில் கேக் வெட்டுவார்கள். தேவாலயம் வேண்டாம் என்பவர்களுக்கு அது இல்லாமலும் செய்து கொடுப்பார்கள். கேக் இரண்டு பகுதிக்கும் பொது.

"அம்மா, வேணுமா நான் செய்ய இதை?" என்று கேட்டாள். அவளுடைய தமிழில் சொற்கள் எல்லாம் தமிழ்தான். வரிசை மட்டும் நோர்வே.

படிவத்தின் தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், ஏலவில்லை. மகளுக்குக் கோபம். "என்ன பகிடி இதில?" என்றாள்.

"நான் இந்தச் சடங்கில மூண்டு கிழமை வேலை செய்தனான்," என்றேன்.

"நீங்களா? நாங்கள் சைவம் எல்லோ?"

"அது ஒரு சொல்லால வந்த பிழை. ஆனா அந்தச் சொல்லை நான் கிளிநொச்சியில இருந்துதான் கொண்டுவந்தனான்."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகள் என்னிடம் கதை கேட்கக் கதிரை இழுப்பது வருடத்தில் இரண்டு தரம்தான் நடக்கும். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். அவளுக்கு விளங்காத இடங்கள் உங்களுக்கு விளங்கும். உங்களுக்கு விளங்காத இடங்கள் அவளுக்கு விளங்கின.

2

போர் நின்று, வன்னிக்குப் பாதை திறந்திருந்த காலம். நான் வட்டக்கச்சியிலிருந்து தினமும் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் படித்து, படித்த இடத்திலேயே படிப்பிக்கவும் தொடங்கியிருந்தேன். "உந்தக் கொம்பியூட்டரை விட்டிட்டுத் தையலுக்குப் போ. தையல் மெசின் கரண்ட் இல்லாமலும் ஓடும்," என்று அண்ணை சொல்லிக்கொண்டே இருப்பார். நியாயமான கதை. அதனால்தான் எனக்கு ரோசம் வந்தது.

அந்த வருடம் அவுஸ்திரேலியாவிலிருந்து குகன் அண்ணை என்றொருவர் மூன்று மாத லீவில் வந்து எங்களுக்கு லினக்ஸ் படிப்பித்தார். போகும்போது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போனார். சிறு பிள்ளைகளுக்கு ஊசி போடும் கிளினிக்குகளுக்கு ஒரு தமிழ்ப் புரோகிராம் எழுதினார். பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் கொடுத்தால், எந்தப் பிள்ளைக்கு எந்தக் கிழமை எந்த ஊசி என்று பட்டியல் அடித்துத் தரும். வன்னியில் அது சின்ன விசயமல்ல. நாலு தரம் ஐந்து தரம் இடம்பெயர்ந்த சனம். ஊசி அட்டை எந்த ஊரில் எந்தக் கூரைக்குள் போனது என்று தெரியாது. "இரண்டாவது ஊசி எப்ப போட்டது?" என்று கேட்டால், "தம்பியின்ர கலியாணத்துக்கு முதல் கிழமை" என்று பதில் வரும்.

அந்தப் புரோகிராம் குகன் அண்ணையின் மடிக்கணினியில் அழகாக ஓடியது. வேறு எந்த இடத்திலும் ஓடவில்லை.

கிளினிக்குகளுக்கென்று நாலு பழைய கொம்பியூட்டர்கள் நாலு நாட்டிலிருந்து வந்திருந்தன. நாலும் நாலு விதம். ஒன்றின் விசைப்பலகை ஜெர்மன். ஒன்று அடிக்கொரு தரம் உறுமும். குகன் அண்ணைக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது.

"தங்கச்சி, ஒவ்வொரு மெசினுக்கும் கையால மாத்திக்கொண்டு இருக்காதேங்கோ. அதுக்கெண்டு ஒரு கருவி இருக்கு. பத்து வரியில ஒரு சின்னப் பைல் எழுதுங்கோ. கறுப்புத் திரையில ஒரு சொல் அடியுங்கோ. அது ஆயிரக்கணக்கான வரியில ஒரு ஸ்கிரிப்ட் தானா எழுதித் தரும். அந்த ஸ்கிரிப்டைக் கொண்டுபோய் எந்த மெசினில ஓட விட்டாலும், அங்க என்ன இருக்கு, என்ன இல்லை எண்டு அது தானே பாத்து, அதுக்கேத்த மாதிரிப் புரோகிராமைப் பொருத்தும். இதைத்தான் கொன்பிகுரேசன் எண்டு சொல்லுறது."

பத்து வரி எழுதினால் ஆயிரம் வரி தரும் என்பதை நான் நம்பவில்லை. எழுதிப் பார்த்தேன். ஒரு சொல் அடித்தேன். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு ஸ்கிரிப்ட் வந்து கிடந்தது. திறந்து பார்த்தால் ஒரு வரிகூட எனக்கு விளங்கவில்லை. என்னுடைய பத்து வரிக்குள் இவ்வளவு விசயம் இருந்ததா என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

விளங்காததை ஓட விடப் பயமாக இருந்தது. அதனால் கையேடு வேண்டும் என்று கேட்டேன். குகன் அண்ணை அதை அனுப்பினார். இருநூறு பக்கத்துக்கு மேல். எங்களிடம் இருந்த பிரிண்டருக்கு அந்தத் தென்பு இல்லை. வவுனியாவில் ஒரு கடையில் அடித்தெடுத்து, நசீர் நானாவிடம் கொடுத்துவிட ஒழுங்கு செய்தோம்.

3

நசீர் நானா புடவை வியாபாரி. முல்லைத்தீவு ஆள். வெளிக்கிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து, கிழமைக்கு ஒருதரம் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் சரக்குடன் போய்வருபவர். கையேட்டைச் சாரக் கட்டுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்.

வந்தவர் கையேட்டைத் தரவில்லை. முதலில் தண்ணீர் கேட்டார்.

"பிள்ளை, ஆமிச் சாவடியில இதைப் பிடிச்சிட்டாங்க," என்றார். "என்ன புத்தகம் எண்டு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? தையல் மெசின் புத்தகம் எண்டன்."

"ஐயோ நானா!"

"மெசின் புத்தகம் எண்டுதானே நீங்க சொன்னீங்க! ஒரு அதிகாரி பொறுமையா இருந்து புரட்டிப் பாத்தார். இங்கிலீசு தெரிஞ்ச மனிசன். ஒரு இடத்தில 'இலக்கு' எண்டு இருக்காம். இன்னொரு இடத்தில 'கொல்' எண்டு இருக்காம். தையல் மெசினுக்கு என்னத்துக்கு இலக்கு எண்டு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஊசி போற இடம் எண்டு சொன்னன்."

நான் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் முகத்தில் வெட்கம் போகவில்லை. அந்த அதிகாரி கெட்டவரல்லர். புத்தகத்தைத் தந்துவிட்டார். சந்தேகமான நாலு பக்கத்தை மட்டும் கழற்றி எடுத்து, அதற்கு முறைப்படி ஒரு பற்றுச்சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். சிங்களத்தில், முத்திரையுடன், 'தையல் இயந்திரம் தொடர்பான தாள்கள் நான்கு' என்று. எங்கள் நிலையத்தில் அதுவரை வந்த கடிதங்களுக்குள் அதுதான் ஒழுங்கான கடிதம்.

போன நாலு பக்கமும் பிழைச்செய்திகளுக்கு விளக்கம் எழுதியிருந்த பக்கங்கள்.

"பரவாயில்லை நானா, பிழை வந்தாத்தானே," என்றேன்.

4

முதல் கிளினிக் ஒட்டுசுட்டான். கொம்பியூட்டர் ஒரு மாதத்துக்கு முன்னமே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்து, கிளினிக்கில் இருந்த ஒரே மேசையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளை நிறுக்கும் தராசு அந்த மேசையில் இருந்தது. இப்போது அது வெளியே ஒரு மரக்கொப்பில் தொங்கியது.

இதனால் எனக்கொரு எதிரி உருவாகியிருந்தா. பரமேஸ்வரி அக்கா. அந்தப் பகுதி முழுக்கச் சைக்கிளில் திரியும் மிட்வைஃப். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேரை இந்த உலகத்துக்கு எடுத்தவா. எல்லாருடைய விபரமும் ஒரு நீட்டுக் கொப்பியில் அவாவின் கையெழுத்தில் இருந்தது.

ஒரு புதன்கிழமை, கிளினிக் நாள், சிடியைப் பிஸ்கட் பேணிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் ஒரு யானை றோட்டில் நின்றது. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு, "அவர் போகட்டும்," என்றார். அவர் ஆறுதலாகப் போனார். நான் போய்ச் சேர ஒன்பது மணியாகிவிட்டது. தாய்மார் பிள்ளைகளுடன் வரிசையில் இருந்தார்கள். பரமேஸ் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"நீர்தான் இந்தப் பெட்டிக்குப் பொறுப்போ?"

"ஓம் அக்கா."

"மத்தியானம் மட்டும்தான் ஜெனரேற்றருக்கு எண்ணெய் இருக்கு. மத்தியானத்துக்குள்ள இது ஏதாவது உருப்படியாச் செய்யவேணும். இல்லாட்டி நீர் போற பஸ்ஸிலயே இதையும் ஏத்தி விடுவன். எனக்கு மேசை வேணும்."

ஜெனரேற்றரை இழுத்து விட்டார்கள். சிடியைப் போட்டு ஸ்கிரிப்டை ஓட விட்டேன். இரண்டு வரி ஓடியது. நின்றது. ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி: புதிதாக உண்டாக்கிய பைல் பழைய பைலை விடப் பழையதாக இருக்கிறது, மணிக்கூட்டைப் பார்க்கவும்.

கையேட்டைப் புரட்டினேன். முப்பதாம் பக்கத்துக்குப் பிறகு முப்பத்தைந்து.

நான் என் மூளையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அது எனக்கு ஒரு விடை தந்தது. அந்த நாளில் வன்னியில் ஒரு நேரம், வவுனியாவில் ஒரு நேரம் என்பது இளம் ஆட்களுக்குத் தெரியாமலிருக்கும். அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. நாங்கள் தள்ளவில்லை. சாவடி தாண்டினால் கையில் உள்ள மணிக்கூட்டையும் திருக வேண்டும். ஆகவே இது அந்த அரை மணித்தியாலப் பிரச்சினைதான் என்று முடிவு கட்டினேன். திரையில் நேரம் தாறுமாறாக இருந்தது; கைமணிக்கூட்டைப் பார்த்து அரை மணி கூட்டி வைத்தேன். அதே பிழை. அரை மணி குறைத்தேன். அதே பிழை. திரும்பவும் கூட்டினேன்.

வரிசையில் இருந்த ஒரு தாய்க்குப் பொறுக்கவில்லை. ராசம்மா என்று பெயர். மலையகத்திலிருந்து வந்து விசுவமடுப் பக்கம் குடியேறி, பிறகு இங்கே வந்த குடும்பம். "என்னாங்க மிஸ், மணியை அங்கிட்டும் இங்கிட்டும் திருகிக்கிட்டே இருக்கீங்க?" என்றா.

"எந்த நேரம் வைக்கிறது எண்டு பாக்கிறன்."

"அரசாங்க நேரம் வையும். நான் அரசாங்க உத்தியோகம்," என்றா பரமேஸ் அக்கா.

"இங்க இருக்கிறது எங்கட நேரமெல்லோ அக்கா," என்றாள் வரிசையில் ஒருத்தி. வரிசை இரண்டு பகுதியாகப் பிரிந்து கதைக்கத் தொடங்கியது. ஒரு பிள்ளை அழுதது. பதினொரு மணியாகிவிட்டது, இரண்டு கட்சிக்கும்.

எனக்குக் கண் கலங்கத் தொடங்கியது. அண்ணை சொன்ன தையல் மெசின் ஞாபகம் வந்தது. இந்தப் பெட்டியோடு பஸ்ஸில் ஏறிப் போய் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பரமேஸ் அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தா. திகதி எழுதியிருந்த வரியை விரலால் தொட்டு, ஒரு பிள்ளையின் அட்டையைப் பார்ப்பது மாதிரி கடைசிவரை வாசித்தா.

"பிள்ளை, மணி எல்லாம் சரி," என்றா. "வருசம் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது எண்டு கிடக்கு."

நான் பார்த்தேன். வரியின் கடைசியில் 1980. உள்ளே இருக்கும் சின்னப் பற்றறி செத்துப்போய்விட்டது. ஒவ்வொரு தரமும் போடும்போது அந்த மெசின் எண்பதாம் ஆண்டு தை முதலாம் திகதிக்குத்தான் விழித்திருக்கிறது. நான் இரண்டு மணித்தியாலமாக எண்பதாம் ஆண்டில் நின்று அரை மணித்தியாலத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எண்பதில நான் கலியாணமே கட்டேல்லை," என்றா பரமேஸ் அக்கா. "இதுகளின்ர தாய்மாரே பிறக்கேல்லை. இந்தத் திகதியோட உம்மட பெட்டி பட்டியல் தந்திருந்தா, ஒருத்தருக்கும் ஊசி தேவையில்லை எண்டெல்லோ சொல்லியிருக்கும்?"

அது உண்மை. ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் பிடிவாதமாக நின்றிராவிட்டால், நான் வருசத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

திகதியைத் திருத்தினேன். நேரம் பழைய நேரமா புது நேரமா என்று யாரும் கேட்குமுன் ஏதோ ஒன்றை வைத்தேன். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது. வரி வரியாக ஆங்கிலத்தில் ஒவ்வொன்றையும் தேடி, முடிவில் 'இருக்கு', 'இல்லை' என்று போட்டுக்கொண்டே போனது. வரிசை கலைந்து எல்லாத் தாய்மாரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். 'யெஸ்', 'நோ' இரண்டும் எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும்.

"நோ எண்டு போட்டிட்டுது!" என்றாள் ஒருத்தி.

"யாருடைய புள்ளைக்கு?" என்று ராசம்மா பதறிப்போய்த் தன் பிள்ளையின் தொடையைத் தடவிப் பார்த்தா.

"பிள்ளையளுக்கு இல்லை அக்கா! மெசினுக்கு. மெசினுக்குள்ள என்ன இருக்கு எண்டு பாக்குது."

"இல்லையெண்டா நிண்டிடுமோ?"

"நிக்காது. இல்லாததுக்கு வேற வழி பாத்துக்கொண்டு போகும்."

"நல்ல சாமானுங்க," என்றா ராசம்மா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு 'யெஸ்'ஸுக்கும் ஒரு சந்தோச முனகல், ஒவ்வொரு 'நோ'வுக்கும் ஒரு 'சீ' என்று கிளினிக் முழுக்க ஒரு விளையாட்டுப் போட்டி மாதிரி ஆகிவிட்டது. மத்தியானத்துக்குக் கால் மணி இருக்க, திரையில் தமிழில் 'பிள்ளையின் பெயர்' என்று வந்து நின்றது. ராசம்மாவின் மகனுடைய பெயரைத்தான் முதலில் அடித்தோம்.

பரமேஸ் அக்கா மிச்ச ஊசிகளைப் போடப் போய்விட்டா. ஆனால் அடுத்த புதன் நான் போனபோது கொப்பியை நீட்டி, "மெல்ல மெல்ல ஏத்தும். பிழை விடக் கூடாது," என்றா. ஏற்றி முடிக்க ஏழு புதன் எடுத்தது. கடைசிப் புதனன்று பட்டியலை அடித்துக் கொடுத்தேன். அவா கொப்பியுடன் ஒப்பிட்டுக்கொண்டே போய் ஒரு பெயரில் நின்றா. ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, இரண்டு பிள்ளைகள்; பட்டியலில் இருவருக்கும் ஒரே நாளில் ஒரே ஊசி. கொப்பியில் ஒருவனுக்குப் போட்ட ஊசியை மற்றவனின் கணக்கிலும் குறித்திருந்தா. மற்றவனுக்கு ஆறு மாதமாக ஊசியே போடவில்லை.

அவா முகம் சிறுத்துப்போனது. கண்ணாடியைக் கழற்றினா, திரும்பப் போட்டா. பிறகு குளிர்ப்பெட்டியைச் சைக்கிளில் கட்டி அப்போதே அந்த வீட்டுக்குப் போய்விட்டா. திரும்பி வரும்போது தச்சரைச் சந்தித்து இன்னொரு மேசைக்குச் சொல்லிவிட்டு வந்தா. பழைய மேசையைக் கொம்பியூட்டருக்கே விட்டுக்கொடுத்துவிட்டா.

5

பாதை பூட்டப்படுவதற்குச் சில மாதம் முன் நான் கலியாணம் பேசி நோர்வேக்கு வந்துவிட்டேன். மொழி வகுப்பு முடிந்ததும் வேலை தேடித் தரும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கனிவாக, "உங்கள் நாட்டில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

நான் வீட்டில் கண்ணாடிக்கு முன் நின்று பாடமாக்கி வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். 'நான் கொன்பிகுரசூன் செய்பவள்.' அதாவது, புரோகிராமை மெசினுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பவள். என் வாயில் அந்தச் சொல் எப்படி வந்ததென்று தெரியாது. அவர் மிகவும் சந்தோசப்பட்டு எழுதிக்கொண்டார். ஒரு கிழமையில் கடிதம் வந்தது, தேவாலயத்துக்குப் போகச் சொல்லி.

இந்த நாட்டில் எல்லாமே நான் நினைத்தது மாதிரி இல்லாததால், இதையும் நான் கேள்வி கேட்கவில்லை. குருவானவர் ஒரு பெண். அதுவே எனக்குப் பெரிய புதினம். முதல் நாள் என்னிடம் இருபது வெள்ளை அங்கிகளைத் தந்து இஸ்திரி போடச் சொன்னா. கொம்பியூட்டர் அறைக்குள் தூசி போகக்கூடாது, அதற்குத்தான் அங்கி என்று நினைத்தேன். நல்ல ஒழுங்கான நாடு என்று வீட்டில் வந்து கணவருக்கும் சொன்னேன். இரண்டாம் கிழமை பதினாலு வயதுப் பிள்ளைகளுடன் வட்டமாக இருந்து, மெழுகுதிரி கொளுத்தினேன். கொம்பியூட்டர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கிழமை குருவானவர் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, "உங்கள் நாட்டில் இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டா.

அப்பாடா என்று இருந்தது. தெரிந்த நோர்வே மொழி எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னேன். "முதலில் நாங்கள் சிறிதாக ஒன்று எழுதுவோம். அதிலிருந்து மிகப் பெரிய ஒன்று வரும். அது எங்களிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கும். இல்லை என்று வந்தால் பயப்படத் தேவையில்லை. அது வேறு வழி பார்த்துக்கொண்டு மேலே போகும்."

குருவானவர் கோப்பியைக் கீழே வைத்தா. கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு அழகாகச் சொல்கிறீர்கள்," என்றா.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சிலுவை பற்றியும் ஒரு கேள்வி வரும்," என்றேன். கருவி அச்சடிக்கும் ஆங்கில வரிகளில் ஒன்றில் 'கிராஸ்' என்ற சொல் வரும். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் அதற்குச் சிலுவை என்றுதான் சொல் இருந்தது. "ஒட்டுசுட்டானில் அதற்கு எப்போதும் 'இல்லை' என்றுதான் பதில் வந்தது."

அவா என் கையைப் பிடித்தா. "அதைப் பற்றி நாங்கள் ஆறுதலாகக் கதைக்கலாம்," என்றா. "கடைசியில் என்ன கிடைக்கும்?"

"கடைசியில் புரோகிராம் ஓடும்."

"எது ஓடும்?"

நான் 'கொன்பிகுரசூன்' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவா அந்தச் சொல்லைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, இஸ்திரி போட்டு மாட்டியிருந்த இருபது அங்கியையும் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. மேசையில் தலையை வைத்துச் சிரித்தா. விசயம் விளங்கியதும் நானும் சிரித்தேன். அன்றைக்கே அவா என்னைத் தன் காரில் ஏற்றி, குருமார் போடும் வெள்ளைக் கழுத்துப் பட்டியுடனேயே அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப் போய், என்னை முன்னால் விட்டுப் பின்னால் நின்றா. அடுத்த மாதம் ஒரு மென்பொருள் கொம்பனியில் பழகுநராகச் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் வேலை.

மகள் கேட்டுச் சிரித்தாள். "பிறகு அந்த மிட்வைஃப்?" என்று கேட்டாள்.

6

மகள் பிறந்தது இரண்டாயிரத்து ஒன்பது தொடக்கத்தில். அந்த மாதங்களைப் பற்றி உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. இங்கே நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டார் வவுனியா முகாமில் உயிரோடு இருக்கினம் என்பது ஆனி மாதம்தான் தெரிந்தது.

சில நாளில் அண்ணை முகாமிலிருந்து எடுத்தார். இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, "பக்கத்துக் கொட்டிலில ஒரு அக்கா இருக்கிறா. உன்னை வேணுமாம்," என்று போனைக் கொடுத்தார்.

"பிள்ளை," என்றது குரல். "உம்மட பெட்டி ஒட்டுசுட்டானிலயே அழிஞ்சு போச்சுது."

"பரமேஸ் அக்கா! அது போகட்டும். நீங்கள் சுகமோ?"

"இருக்கிறன். பட்டியல் என்னட்டக் கிடக்கு. போற இடமெல்லாம் பொலித்தீனில சுத்திக் கொண்டு திரிஞ்சனான். இஞ்ச கண்ட பிள்ளையளுக்கு ஊசி போடுவிச்சு, பேருக்கு நேர கோடு போட்டிருக்கிறன். காணாத பிள்ளையளுக்கு ஒண்டும் போடேல்லை. இடத்தை விட்டிருக்கிறன்."

நான் மடியில் கிடந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவா அடுத்த கேள்விக்குப் போய்விட்டா.

"உமக்குப் பெட்டைப் பிள்ளையாம். மூண்டாம் மாத ஊசி போட்டாச்சோ?"

"ஓம் அக்கா."

"காய்ச்சல் வந்ததோ?"

"ஒரு நாள்."

"அடுத்தது எப்ப?"

"வாற கிழமை."

"பேரைச் சொல்லும்."

"ஏனக்கா?"

"கடைசித் தாளில அடியில இடம் கிடக்கு. போன் கார்ட் முடியப் போகுது, பேரைச் சொல்லும்."

"மகிழினி," என்றேன்.

"நடுவில எந்த 'ளி'? சிறப்பு ழகரமோ?"

"ஓம் அக்கா."

தாளில் பேனை ஓடும் சத்தம் கேட்டது.

"எழுதியிட்டன்," என்றா. "ஒட்டுசுட்டான் கிளினிக், புதன்கிழமை எண்டு போட்டிருக்கிறன்."